நண்டு வளையில் நீலம்

கடல் எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும் என்று யாராவது என் காதுபடச் சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். போர்ட்டிக்சன் கரையில் சாப்பிட்டு முடித்து, எச்சில் பொட்டலத்தை அலையில் வீசிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போகிறவர்களிடம் நான் சண்டைக்கே போயிருக்கிறேன். அம்பாங்கானில் எங்கள் தெருவில் எனக்கு வாயாடி என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். கடல் எதை எடுத்துக்கொண்டு போகும், எதை எடுப்பதுபோல் காட்டிவிட்டு நம் காலடியிலேயே வைத்துவிட்டுப் போகும் என்பதை நான் நேரில் பார்த்தவள். மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில், கடலோரத் தோட்டத்தில், முள்கம்பிக்குள் இருந்த வருடங்களில் பார்த்தேன்.

நாங்கள் கடலுக்குப் பழகியவர்கள் இல்லை. எங்கள் பழைய லயம், அதாவது கூலிவீட்டு வரிசை, சுவா என்ற ஊர்ப் பக்கத்தில் மேட்டு நிலத்தில் இருந்தது. பின்னால் காடு, முன்னால் ரப்பர் மரங்கள், பக்கத்தில் ஒரு ஓடை. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் அரிசி கொடுத்துவிடுவோம் என்று சர்க்காருக்குப் பயம். ஒரு நாள் காலையில் லோரிகள் வந்து நின்றன. சட்டிபானைகளை ஏற்றச் சொன்னார்கள். கோழிகளைப் பிடிக்கக்கூட அவகாசம் இல்லை. அதே தோட்டத்தின் கடலோரப் பிரிவில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். புது லயம், சுற்றிலும் இரட்டை வேலியாக முள்கம்பி, போகவர ஒரே ஒரு கேட். கேட்டுக்கு வெளியே ஒரு மண்வரப்பு. வரப்புக்கு அப்பால் பாக்காவ் என்கிற அலையாத்தி மரங்கள் வேரைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதற்கும் அப்பால் சேறு. கடல் ஏறினால் தண்ணீர், இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் கறுத்த சேறு. முதல் நாள் அந்த வாடையில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எங்கள் மகள் அப்போது நன்றாக ஓடி விளையாடும் வயதில் இருந்தாள். அவளுக்கு அந்தச் சேறு பிடித்துப்போயிற்று. அதில் நண்டுகள் வளை தோண்டி, ஆள் நடமாட்டம் தெரிந்ததும் உள்ளே ஓடி ஒளிவதைப் பார்த்துவிட்டு அவற்றோடு ஒளிந்து விளையாடுவாள்.

அரிசியை அளந்துதான் கொடுத்தார்கள். போதாது. வேலைக்குப் போகும்போது ஒரு பிடி சோறு கொண்டுபோக முடியாது. கேட்டில் பெண் போலீஸ் மடியைத் தடவிப் பார்ப்பாள். வெறும் கோப்பித் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கருக்கலில் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டப் போவோம். மத்தியானம் திரும்பி வரும்போது கண் இருட்டிக்கொண்டு வரும். சாப்பாட்டுச் சாமான் உள்ளே வருவதற்குத் தடை இல்லை, வெளியே போவதற்குத்தான் தடை. இது ஒன்றுதான் எங்களுக்கு இருந்த சலுகை. அதனால் லயத்துப் பெண்கள் சேற்றில் இறங்கக் கற்றுக்கொண்டோம். கெராங் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் சிப்பி, கைவிரல் அளவு ஆழத்தில் புதைந்து கிடக்கும். தடவித் தடவி எடுத்து வாளியில் போட்டுக்கொண்டு வந்து, ஓடு திறக்கும்வரை அவித்து, உப்பும் மிளகாயும் போட்டால் ஒரு வேளைச் சாப்பாடு. காசு கிடையாது, கூப்பன் கிடையாது, யாரும் அளந்து கொடுக்க வேண்டியதில்லை.

என் வீட்டுக்காரர் மருந்தடிக்கிற ஆட்களில் ஒருவர். முன்பெல்லாம் லாலாங் புல்லைக் கொல்ல எப்போதாவது மருந்தடிப்பார்கள். அவசரகாலம் வந்த பிறகு அது ஓயாத வேலையாகிவிட்டது. வேலியோரம், ரோட்டோரம், கேட்டைச் சுற்றி எங்கேயும் ஆள் மறையும் அளவுக்குப் புல் வளரக்கூடாது என்பது உத்தரவு. முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு நாளெல்லாம் அடிப்பார்கள். அடித்த இடம் தெரிவதற்காக மருந்தில் நீலச் சாயம் கலந்திருக்கும். இவர் விரல்களும் நகக்கண்களும் எந்நேரமும் நீலமாகவே இருக்கும். நீலகண்டர் வந்துவிட்டார் என்று லயத்துப் பெண்கள் கேலி செய்வார்கள். இவரும் சிரித்துக்கொண்டே தொண்டையைத் தடவிக் காட்டுவார். எனக்கு அந்தக் கேலி பிடிக்காது. நேரே மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன்.

அவர் அலட்சியமான ஆள் இல்லை. இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. அது விஷம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வேலை முடிந்து வந்ததும் துணியோடு குளிப்பார். அந்தத் துணியை அவரே துவைப்பார், என்னைத் தொடவிட மாட்டார். குளித்து, தலை காய்ந்த பிறகுதான் பிள்ளையைத் தூக்குவார். பிள்ளை அதற்கு முன்னால் காலைக் கட்டிக்கொள்ள ஓடிவந்தால் தள்ளி நின்று குரலால் விளையாட்டுக் காட்டுவார்.

மருந்து டின்களை எங்கே கழுவுவது என்பதுதான் தொல்லை. பக்கத்துத் தோட்டத்தில் யாரோ எண்ணெய் டின்னுக்கு அடியில் அரிசியை மறைத்து வெளியே கடத்தியதாகப் பிடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் கேட்டில் ஒரு சட்டம். உள்ளே போனாலும் வெளியே போனாலும் எந்த டின்னாக இருந்தாலும் காலியாக, கழுவி, தலைகீழாகக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். ஒரு சொட்டு ஒழுகினாலும் உள்ளே விடமாட்டார்கள். முதலில் கேட்டை ஒட்டிய வாய்க்காலில்தான் கழுவினார்கள். அந்தத் தண்ணீரை நக்கிய பசு ஒன்று மறுநாள் வயிறு உப்பிச் செத்துப்போயிற்று. அதைப் பார்த்த பிறகு இவர் ஆட்களை மேய்க்கும் மண்டோரிடம் போய் நின்றார். பிள்ளைகள் திரியும் இடத்தில் கழுவ மாட்டேன், கடலோரம் கொண்டுபோய்க் கழுவுகிறேன் என்றார். மண்டோருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. எல்லாருடைய டின்களையும் இவரே தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் கோத்துத் தூக்கிக்கொண்டு வரப்புக்கு அப்பால் போவார்.

எப்படிக் கழுவினார் என்பதைச் சொல்ல வேண்டும். மேட்டில் நாங்கள் பழகியது ஓடை. ஓடை ஒரே பக்கம்தான் ஓடும். குடிக்க மேலே எடுப்போம், அழுக்கைக் கீழே கழுவுவோம், போனது திரும்பி வராது. கடலையும் அப்படித்தான் நினைத்தோம். கடல் ஏறும்போது கழுவினால் விஷம் கரைக்கு வரும், இறங்கும்போது கழுவினால் கடலோடு போய்விடும். யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். அதனால் இவர் தண்ணீர் வடியும் நேரம் பார்த்து, வடிந்த ஈரச் சேற்றில் நின்று டின்களைக் கழுவி ஊற்றுவார். நீலத் தண்ணீர் சேற்றின்மேல் கொஞ்ச தூரம் ஓடும், பிறகு காணாமல் போகும். போய்விட்டது என்று திருப்தியாக வீடு வருவார். வேலை முடியும் நேரத்தில் கடல் ஏறியிருந்தால் வரப்பில் உட்கார்ந்து அது இறங்கக் காத்திருப்பார். கேட் மூடும் நேரம் நெருங்கியும் இறங்காவிட்டால் வேறு வழியில்லாமல் இடுப்பளவு தண்ணீரிலேயே கழுவிவிட்டு வந்து, இன்றைக்குச் சரியாகக் கழுவவில்லை என்று என்னிடம் குறைப்படுவார். எங்களுக்கு நல்லது நடந்த நாட்கள் அவைதான். அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

மகளுக்கு முதலில் வயிற்றுப்போக்குதான் வந்தது. புழு என்று வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடுத்தேன். நின்றது, மறுபடியும் வந்தது. பிறகு கால் எரிகிறது என்றாள். பாதத்தைத் தரையில் வைக்க மாட்டாள். ஈரத்துணியைச் சுற்றிவிட்டால் கொஞ்ச நேரம் தூங்குவாள். சில நாள் கழித்து எரிச்சல் போய் மரத்துப்போயிற்று. பாதத்தில் கட்டெறும்பு கடித்துக்கொண்டிருக்கிறது, பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். நான்தான் ஓடிப்போய்த் தட்டிவிட்டேன். கழுத்திலும் முதுகிலும் தோல் கறுத்து, நடுநடுவே வெள்ளைப் புள்ளிகள் வந்தன. தலை வாரினால் முடி கொத்தாகக் கையோடு வந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் காலைத் தட்டிப் பார்த்தார், ஊசியால் குத்திப் பார்த்தார். பெரிபெரி என்றார். தீட்டின அரிசியை மட்டும் தின்றால் இப்படிக் கால் மரத்துப்போகும், ஜப்பான்காரன் காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன் என்றார். சிவப்பு டானிக் ஒரு புட்டி கொடுத்தார். பச்சைப்பயறு, மீன், கெராங் எது கிடைத்தாலும் கொடு, சத்தாகச் சாப்பிடச் செய் என்று சொல்லி அனுப்பினார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் காலை வைத்துக்கொண்டு அப்போது யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

பச்சைப்பயறுக்கு எங்கே போவேன்? மீன் பிடிக்கப் படகு கிடையாது. சேறு இருந்தது. மரம் வெட்டி முடித்ததும் வீட்டுக்குக்கூட வராமல் நேராகச் சேற்றில் இறங்கினேன். எங்களுக்கென்று வைத்துக்கொள்ளாமல் சதை முழுவதையும் அவளுக்கே ஊட்டினேன். அவித்த தண்ணீரையும் வீணாக்காமல் சூப்பு மாதிரி ஆற்றிக் குடிக்கவைத்தேன். வேண்டாம் என்று அவள் பல்லைக் கடித்தால் மூக்கைப் பிடித்து ஊற்றினேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, குடி கண்ணு, குடிச்சாத்தான் நண்டோட ஓடலாம் என்று கெஞ்சுவார். அவள் எங்களுக்காகக் குடிப்பாள். நாளுக்கு நாள் மோசமானாள். முழங்காலுக்குக் கீழே சதை வற்றி, தூக்கி நிறுத்தினால் துணி மாதிரி மடங்கி விழுந்தாள். இனிப் பிழைக்க மாட்டாள் என்றே லயத்தில் பேசிக்கொண்டார்கள். என் காதில் விழும்படியே பேசினார்கள்.

அமாவாசை கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கடல் வழக்கத்தைவிட வெகுதூரம் இறங்கியிருந்தது. இவரும் மற்ற ஆட்களும் அந்த வாரம் முழுவதும் உள்பிரிவில் மேட்டுப் பக்கம் மருந்தடித்தார்கள். டின்களை அங்கேயே ஒரு காவல்சாவடியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். அதனால் சேற்றில் யாரும் எதையும் கழுவவில்லை. நான் பிள்ளைக்காகப் பெரிய கெராங் தேடிக் கழுவுமிடத்தைத் தாண்டி, கெராங் நிறையக் கிடக்கும் பள்ளப் பக்கமாகப் போனேன். குனிந்து தடவிக்கொண்டிருந்தேன். கைக்குப் பக்கத்தில் ஒரு நண்டு வளை. அதன் வாயிலிருந்து தண்ணீர் மெதுவாக ஊறி வழிந்தது. அந்தத் தண்ணீர் நீலமாக இருந்தது.

கண்தான் ஏதோ செய்கிறது என்று முதலில் நினைத்தேன். பக்கத்து வளையைப் பார்த்தேன். அதிலும் நீலம். அதற்கு அடுத்ததிலும் நூல் மாதிரி நீலம் ஊறி, எல்லாம் ஒரு சின்னக் கால்வாயாகச் சேர்ந்து பள்ளத்தை நோக்கி ஓடியது. எங்கே தொடங்குகிறது என்று அந்தக் கால்வாயைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தேன். கழுவுமிடத்துக்கு வந்து சேர்ந்தேன். அங்கே சேற்றின் மேற்பக்கம் சுத்தமாக இருந்தது. நண்டு வளை ஒன்றில் கையை முழங்கை வரை விட்டு அடிச்சேற்றை அள்ளினேன். நீலம் உள்ளங்கையில் ஒட்டியது.

எத்தனையோ வருடம் கழித்து, வேறொரு கரையில், ஒரு சர்வகலாசாலைப் பெண் கண்ணாடிக் குழாயைச் சேற்றில் குத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். சேற்றுக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது, எப்படி வருகிறது என்று பார்க்கிறேன் அம்மா என்றாள். கடல் இறங்கி, வளைகளில் தண்ணீர் குறைந்திருக்கும்போது மேலே என்ன ஊற்றினாலும் அது அடிவரை இறங்கிவிடும், சேற்றுக்குள் தேங்கி நின்று, ஒவ்வொரு இறக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்த பக்கம் கசிந்து வெளியே வரும், முழுவதும் வெளியேற வருடக்கணக்கில் ஆகும் என்று அவள் விளக்கினாள். கடல் ஏறியிருந்தால் வளை நிறைந்திருக்கும், ஊற்றியது பெரும்பாலும் மேலேயே கலந்து போயிருக்கும் என்றாள்.  அவள் வாயால் கேட்ட அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இதெல்லாம் எனக்குத் தெரியாது. கண்ணால் பார்த்தது போதுமாக இருந்தது. வாளியில் இருந்த கெராங்கைச் சேற்றிலேயே கொட்டினேன். வீட்டுக்கு வந்து, சேறு காயாத கையை அவரிடம் நீட்டிக் காட்டினேன். மறைக்கத் தோன்றவில்லை. மெதுவாகச் சொல்லவும் எனக்குத் தெரியாது. உங்கள் மருந்து கடலுக்குப் போகவில்லை, கெராங்குக்குப் போய்ப் பிள்ளை வயிற்றுக்குள் போயிருக்கிறது என்றேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கேட்டுக்கு வெளியே போனார். திரும்பி வந்தபோது அவருடைய கையும் முழங்கை வரை சேறாக இருந்தது. அன்று அவர் பிள்ளைப் பக்கமே போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு அவரைத் தேற்றத் தோன்றவில்லை. மறுநாள் தோன்றியது.

கெராங்கை நிறுத்தினோம். நிறுத்தியதும் பிள்ளையின் வயிறு சில நாளில் அடங்கியது. அதுவே எனக்குச் சாட்சி. லயத்தில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சில பேர் நிறுத்தினார்கள். நாங்களும்தான் தின்கிறோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று சில பேர் கேட்டார்கள். அவர்கள் கையும் எரிந்துகொண்டுதான் இருந்தது, பால்வாளி தூக்கியதால் என்று நினைத்தார்கள். கெராங்குக்குப் பதிலாக அவர்களுக்குக் கொடுக்க என்னிடம் என்ன இருந்தது?

இவர் தோட்ட ஆபீஸ் கிராணியிடம் போனார். டின்களைக் கழுவாமல் உள்ளே கொண்டுவர விடுங்கள், ஸ்டோரில் வைத்துக்கொள்கிறோம் என்று கேட்டார். போலீஸ் சட்டம், என்னால் மாற்ற முடியாது என்றார் கிராணி. அப்படியானால் மேட்டில் வைத்ததுபோல் இங்கேயும் வெளியிலேயே வைத்துவிட்டு வருகிறோம் என்றார் இவர். அங்கே காவல் ஆள் இருக்கிறான், இங்கே வேலிக்கு வெளியே டின்னை விட்டால் காட்டில் இருப்பவன் எடுத்துப் போய்த் தண்ணீர் பிடிப்பான், அதற்கு உன்னைத்தான் பிடிப்பார்கள் என்றார் கிராணி. உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது.

அதன் பிறகு இவர் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தார். கடல் நன்றாக ஏறிய பிறகு, கெராங் கிடக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஆழத்தில் இறங்கிக் கழுவினார். அரைகுறை வழிதான், ஆனால் எங்களுக்கு வேறு இல்லை. கடல் ஒவ்வொரு நாளும் தள்ளித் தள்ளித்தான் ஏறும். சில நாள் வேலை முடியும்போதே ஏறியிருக்கும். சில நாள் கேட் மூடும் நேரம் வரை ஏறாது. மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவர் மட்டும் காலி டின்களை வரிசையாக வைத்துக்கொண்டு, பாக்காவ் மரத்தடியில் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேட் மூடச் சங்கு ஊதும் நேரத்துக்குக் கழுவி, மூச்சிரைக்க ஓடிவருவார். எனக்குப் பயமாக இருந்தது. நம் பிள்ளைதான் நிறுத்திவிட்டதே, பழையபடி கழுவிவிட்டு வந்துவிடுங்கள் என்று ஒரு நாள் சொன்னேன்.

"மத்த வீட்டுல இன்னும் திங்கிறாங்க புள்ள," என்றார். 

ஒரு சாயங்காலம் சங்கு ஊதியது, அவர் வரவில்லை. கேட்டை மூடிவிட்டார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரப்பின் மேல் அவரை இரண்டு சிப்பாய்கள் கையைத் தலைக்குமேல் தூக்கச் சொல்லி நடத்திப்போவது தெரிந்தது. டின்களை இன்னொருவன் தூக்கிக்கொண்டு வந்தான். அவர்கள் கொஞ்ச நாளாகவே மரங்களுக்குள் ஒளிந்திருந்து அவரைக் கவனித்திருக்கிறார்கள். தினமும் ஒருவன், தனியாக, காலி டின்களோடு, கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். வேறென்ன நினைப்பார்கள்? படகில் யாரோ வருகிறார்கள், அவர்களுக்காகத்தான் காத்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

விசாரணையில் என்னையும் கூப்பிட்டார்கள். வெள்ளைக்கார அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ் ஆள். உன் புருஷன் அங்கே யாருக்காகக் காத்திருந்தான் என்று கேட்டார்கள். யாருக்காகவும் இல்லை, கடல் ஏறுவதற்காக என்றேன். டின் கழுவத்தான் என்றால் பக்கத்தில் கழுவ வேண்டியதுதானே, முன்பு எல்லாரும் வாய்க்காலில் கழுவவில்லையா என்று கேட்டார்கள். பசு செத்ததிலிருந்து நண்டு வளை வரை எல்லாவற்றையும் சொன்னேன். மொழிபெயர்ப்பவர் கொஞ்சம் கேட்டார், பிறகு பேனாவை மூடினார்.

"வேற ஏதாச்சும் சொல்லு லா," என்றார். "நண்டு வளையில நீலம் வந்துச்சுன்னு தொரைகிட்ட நான் எப்படிச் சொல்றது? உன் புருஷனும் இதையேதான் சொல்றான். ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்கன்னு எழுதிடுவாங்க."

அப்படியே எழுதினார்கள் என்று நினைக்கிறேன். கைக்குழந்தையாக இருக்கும்போது கப்பலில் வந்தவர் அவர். இந்த நாட்டுக்காரர் என்று காட்ட ஒரு காகிதமும் இல்லை. இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். அங்கே அவருக்கு யாரும் கிடையாது. எந்த ஊர் என்று அவருக்கே சரியாகத் தெரியாது. குடும்பமும் கூடப் போகலாம், சர்க்கார் செலவு என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மேசையைத் தூக்கிக் கவிழ்த்திருப்பேன்.

போவதற்கு முன்னால் ஒரு முறை பார்க்க விட்டார்கள். இரண்டு கம்பி வேலிக்கு நடுவே ஆள் நடக்கும் அளவுக்கு இடம் விட்டு, அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். பிள்ளையைத் தூக்கிவரவில்லை, அவ்வளவு தூரம் தாங்க மாட்டாள். கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள் என்று சொன்னேன். அவர் முகம் ஒரு நிமிடம் மலர்ந்தது. கூட வரட்டுமா என்று கேட்டேன். பிள்ளைக்குக் கால் வரட்டும், கப்பலில் வைத்துச் சாகடிக்காதே என்றார். இன்னும் எத்தனையோ பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். நேரம் முடிந்தது என்று சிப்பாய் கையைக் காட்டும்போது அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இப்ப எவன் டின் கழுவுறான் புள்ள?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"யாரா இருந்தாலும் தண்ணி ஏறட்டும்னு சொல்லு. மறக்காதே."

அவர் பேசி நான் கேட்டது அவ்வளவுதான். கப்பல் போய்விட்டது. அங்கே ஏதோ ஒரு ஊரில் கூலி வேலை செய்ததாகவும், இரண்டாம் வருடமே காய்ச்சலில் போய்விட்டதாகவும், திரும்பிவந்த ஒருவர் மூலமாகக் கேள்விப்பட்டேன். மகள் பிழைத்துக்கொண்டாள். முடி முளைத்தது, எரிச்சல் போயிற்று, இடது கால் தேறியது. வலது பாதம் கடைசிவரை தூக்கவில்லை. இன்றைக்கும் அவள் வீட்டுக்குள் நடந்தால் ஒரு செருப்பு இழுபடும்.

அவரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள், மரம் வெட்டி முடித்ததும் வரப்புக்குப் போனேன். டின் கழுவ வேறொருவனைப் போட்டிருந்தார்கள். எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவன், சின்ன வயது, இரண்டு பிள்ளைகள். கடல் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் ஈரச் சேற்றில், என் வீட்டுக்காரர் நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டு டின்னைக் குலுக்கினான். மருந்து சேற்றுக்குள் இறங்கிக் கெராங்குக்குப் போகிறது என்று அவனிடம் சொன்னேன். தண்ணீர் ஏறும்வரை பொறுத்திருந்து, எதிர்ப்பக்கம் போய்க் கழுவச் சொன்னேன். அவன் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டான். நான் சொன்னதை நம்பவும் செய்தான் என்றே நினைக்கிறேன்.

"நீங்க சொல்றது சரிதான் அக்கா," என்றான். "ஆனா நான் இங்க உக்காந்து காத்திருந்தா என்னையும்ல கொண்டு போயிடுவாங்க."

 அவன் டின்னைச் சாய்த்தான். நீலத் தண்ணீர் கொஞ்ச தூரம் ஓடி, நண்டு வளைகளுக்குள் இறங்கியது. அவன் நிமிர்ந்து பார்த்தான். சற்றுத் தள்ளி அவன் மனைவி வாளியை வைத்துக்கொண்டு குனிந்து கெராங் தடவிக்கொண்டிருந்தாள். அவன் வாயில் கையைக் குவித்துக் கூப்பிட்டான். இங்கே வேண்டாம், பள்ளத்துப் பக்கமாகப் போய்ப் பொறுக்கு என்று கையைக் காட்டினான். அவனுக்குத் தெரிந்த அளவில் அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தான். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு, நான் முதன்முதலில் நீலம் ஊறக் கண்ட இடத்துக்கே போனாள்.

அங்கே போகாதே என்று நான் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். அவளுக்குக் கேட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், வாளிக்குள் பார்த்தாள். வாளி இன்னும் பாதிகூட நிறையவில்லை. மறுபடியும் குனிந்துகொண்டாள்.